காந்தப்புலத்துக்குள் மீக்கடத்தியின் மின்தடை

போதிய அளவு குளிர்வித்தால் மின்தடையின்றி மின்னோட்டத்தைக் கடத்தும் பொருளே மீக்கடத்தி. அவற்றுள் ஒப்பீட்டளவில் உயர்ந்த வெப்பநிலையிலும் அப்படி இயங்கும் உயர்வெப்ப மீக்கடத்தி நாடாக்களைச் சோதிப்பது என் அன்றாடப் பணி. இவற்றைக் கொண்டு காந்தச் சுருள் அமைக்க விரும்பும் இளம் பொறியாளர்கள் பெரும்பாலும் ஒரே ஓர் எண்ணோடு வருகிறார்கள்: 77 கெல்வினில், அதாவது திரவ நைட்ரஜனில் மூழ்கியிருக்கும்போது, நாடா இத்தனை ஆம்பியர் தாங்கும் என்பது. அந்த எண் வெளிக் காந்தப்புலம் இல்லாத நிலையில் அளக்கப்பட்டது என்பதை மறந்துவிடக் கூடாது.

இட்ரியம் பேரியம் தாமிர ஆக்சைடு போன்ற உயர்வெப்ப மீக்கடத்திப் பொருள்களுக்குள் வலுவான காந்தப்புலம் மெல்லிய சுழல்களாக நுழைந்துவிடுகிறது. மின்னோட்டம் இச்சுழல்களைப் பக்கவாட்டில் தள்ளுகிறது; அவை நகர்ந்தால் மின்னழுத்தம் தோன்றும், மின்னழுத்தம் தோன்றினால் மின்தடையும் வெப்பமும் பிறக்கும். படிகத்தின் நுண்குறைகள் சுழல்களைப் பிடித்து நிறுத்துகின்றன என்றாலும், 77 கெல்வினின் வெப்ப அதிர்வில் அந்தப் பிடி தளர்கிறது. மற்றோர் உயர்வெப்ப வகையான பிஸ்மத் நாடாக்களில், பரப்புக்குச் செங்குத்தான புலம் 1 டெஸ்லாவை (டெஸ்லா காந்தப்புல அலகு) எட்டும் முன்பே பிடி விட்டுப்போகிறது. இட்ரியம் வகை சில டெஸ்லா வரை தாக்குப்பிடிக்கிறது.

நாடாவின் பரப்பைப் புலத்துக்கு இணையாக வைத்து மின்னோட்டம் செலுத்தும்போது நானோவோல்ட்மீட்டர் அசையாமல் இருக்கும். புலத்தையோ மின்னோட்டத்தையோ மாற்றாமல் நாடாவை மட்டும் மெல்லத் திருப்பினால், ஏதோ ஒரு கோணத்தில் எண்கள் ஏறத் தொடங்கும். 1 சென்டிமீட்டருக்கு 1 மைக்ரோவோல்ட் என்பதே நாங்கள் எல்லையாகக் கொள்ளும் அளவு, அதுவும் சுழியன்று. 100 ஆம்பியர் ஓடும் 100 மீட்டர் நாடாவில் அந்த எல்லையிலேயே 1 வாட் வெப்பம் உண்டாகும். அதற்கு மேல் மின்னோட்டத்தைப் பத்து சதவீதம் கூட்டினால் மின்னழுத்தம் பத்து மடங்கு வரை ஏறக்கூடும்.

இவ்வெப்பம் பரவும் வேகம்தான் என்னை மிகவும் கவலைப்பட வைக்கிறது. தாழ்வெப்ப மீக்கடத்தியான நியோபியம் டைட்டேனியம் கம்பியில் சூடான பகுதி வினாடிக்குப் பல மீட்டர் பரவுவதால் பழுது உடனே தெரிந்துவிடும். உயர்வெப்ப நாடாவிலோ அது வினாடிக்குச் சில மில்லிமீட்டரோ சென்டிமீட்டரோதான் நகரும். எச்சரிக்கை ஒலிக்கும் முன்பே ஓரிடம் கருகிவிடுகிறது. அப்படி ஒரு நாடாவை நானே இழந்திருக்கிறேன். விரல்நகத்தைவிடச் சிறிய கறுப்புப் புள்ளியைத் தவிர மற்ற இடமெல்லாம் புதிதாகவே இருந்தது.

குளிர்வித்தால் பிடி மீண்டும் இறுகும். அமெரிக்காவின் டல்லஹாசி நகரில் உள்ள தேசிய உயர் காந்தப்புல ஆய்வகத்தில் 2017இல் 32 டெஸ்லாவை எட்டிய காந்தத்தின் உட்சுருள்கள் இட்ரியம் வகை நாடாவால் ஆனவை. அது திரவ ஹீலியத்தில், 4.2 கெல்வினில் இயங்குகிறது.

ஆகவே நாடா வாங்கும்போது, உங்கள் சுருள் இயங்கப்போகும் வெப்பநிலையிலும் புலத்திலும், எல்லாக் கோணங்களிலும் எடுத்த அளவீட்டைக் கேட்டுப் பெறுங்கள். சுருளின் நடுப்பகுதியை மட்டும் கணக்கிட்டு நின்றுவிடாதீர்கள். இரு முனைகளில்தான் புலம் சாய்ந்து நாடாவின் பரப்பை ஊடுருவுகிறது.