14 நாள் கணக்கு

போன வருடம் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் என் வக்கீல் அலுவலகத்துக்கு ஓர் அம்மா வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. உள்ளே மகனின் குற்றச்சாட்டுத் தாள், மடித்து மடித்துக் கிழிந்துபோன பத்திரிகைச் செய்தி, ஒரு விபூதிப் பொட்டலம். ஈப்போ உயர் நீதிமன்றத்தில் அவனுடைய துப்பாக்கி வழக்கு தீர்ப்பாகி அன்றோடு 17 நாள்.

"அப்பீல் போட்டாச்சாம்மா?"

"அதெல்லாம் அந்த லோயர் போட்டிருப்பாரு தம்பி."

போடவில்லை. குடும்பம் வந்து சொல்லட்டும் என்று அவர் இருந்துவிட்டார். அவர் பார்த்துக்கொள்வார் என்று குடும்பம் இருந்துவிட்டது.

தீர்ப்பு வந்த நாளிலிருந்து 14 நாளுக்குள் மேல்முறையீட்டு நோட்டீஸ் கொடுத்துவிட வேண்டும். அந்த நோட்டீஸில் காரணம் எதுவும் எழுத வேண்டியதில்லை, ஒரு பக்கம் போதும். நீதிபதியின் எழுத்துத் தீர்ப்பு கைக்கு வரட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். லோயரே இல்லாவிட்டாலும், உள்ளே இருப்பவர் சிறை அதிகாரியிடம் வாயால் சொன்னால்கூடச் சட்டம் ஏற்கும். பலருக்கு இது தெரியாது. நாள் தாண்டிவிட்டால், தாமதத்துக்குக் காரணம் காட்டி நீதிமன்றத்திடம் அனுமதி கேட்கலாம். கிடைத்தால் உண்டு.

சரி, ஏன் இப்படி நாளைக் கோட்டை விடுகிறார்கள்? கவனக்குறைவு மட்டும் இல்லை. "துப்பாக்கி வழக்கா, தூக்குதான்" என்று முதல் நாளே மனசு விட்டுப்போகிறது. 1948 ஜூன் 16-ல் தோட்டத் துரைமார் மூன்று பேர் சுடப்பட்டு அவசரகாலம் பிறந்த ஊர் இது. அப்போது அனுமதியில்லாமல் துப்பாக்கி வைத்திருந்தாலே தூக்கு. 1971-ல் வந்த துப்பாக்கிச் சட்டத்திலும், கொள்ளை போன்ற குற்றத்தின்போது சுட்டால் கட்டாயத் தூக்கு என்று பிறகு ஆனது. ஆனால் 2023 ஜூலை 4 முதல் கட்டாய மரண தண்டனை இல்லை. மரண தண்டனை விதிக்கலாம். விதிக்காவிட்டால் 30 முதல் 40 வருடம் சிறை, 12-க்குக் குறையாத பிரம்படி. ஆக, தண்டனையை மட்டும் எதிர்த்து வாதாடவும் இன்று இடம் இருக்கிறது.

அந்த அம்மாவின் மகன் சுடவில்லை. கொள்ளையில் மோட்டார் ஓட்டினான்; பின்னால் இருந்தவன் சுட்டான். "வண்டிதானே ஓட்டினான்" என்று அம்மா பத்து முறையாவது சொல்லியிருப்பார். கொள்ளையின்போது ஆளைக் கொல்லவோ காயப்படுத்தவோ கூட்டாளி சுட்டால், அந்த இடத்தில் இருந்த மற்றவருக்கும் அதே தண்டனைதான். சுடாமல் தடுக்க நியாயமான முயற்சி எல்லாம் செய்ததாக அவரே நிரூபித்தால்தான் தப்பலாம். அதனால் அவன் நல்ல பையன் என்பதை விட்டுவிட்டு, சத்தம் கேட்டபோது மோட்டார் எங்கே நின்றது, அதை எந்தச் சாட்சி வழக்குக் குறிப்புகளின் எந்தப் பக்கத்தில் சொன்னார் என்றுதான் நான் தேட வேண்டியிருந்தது.

புத்ராஜெயா மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் மூன்று நீதிபதிகள் முன்னால் சாட்சி மறுபடி ஏறுவதில்லை. வழக்குக் குறிப்புகள்தான் பேசும். புதுச் சாட்சியம் என்றால், விசாரணையின்போதே ஏன் கொண்டுவரவில்லை என்றுதான் முதலில் கேட்பார்கள். கீழ்நீதிமன்றத்தில் தவறு நடந்திருந்தாலும், அதனால் அநீதி விளையவில்லை என்று பட்டால் தள்ளிவிடலாம்.

செம்பனைத் தோட்டத்தில் காட்டுப்பன்றி வேட்டைக்குப் போய், ஆளைச் சுட்டுவிட்ட வழக்குகள் வேறு மாதிரி. வேட்டைத் துப்பாக்கியின் குழாய் வழவழப்பானது. சிதறும் ஈயக் குண்டுகளை வைத்து இன்ன துப்பாக்கி என்று சொல்ல முடியாது. கீழே விழுந்த தோட்டா உறையில் பதிந்த, துப்பாக்கியின் சுடும் ஊசித் தடம்தான் சொல்லும். அந்த உறை யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது, பையில் எழுதிய குறியீடும் ஆய்வு அறிக்கையில் உள்ளதும் ஒன்றுதானா என்று நான் வரிவரியாகப் பார்ப்பேன். சலிப்பான வேலைதான். முழு விடுதலை கிடைக்காவிட்டாலும் கொலைக் குற்றம் இறங்கலாம். கவனக்குறைவால் மரணம் என்று இறங்கினால் அதிகபட்சம் 2 வருடம்தான்.

ஒன்று சொல்ல மறந்தேன்: மேல்முறையீட்டில் தண்டனையைக் கூட்டவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. சின்னத் தண்டனைக்கு அப்பீல் போகும் முன் இதை வீட்டில் பேசிக்கொள்ளுங்கள்.

அந்த அம்மாவுக்குக் காலநீட்டிப்பு கிடைத்தது. மேல்முறையீட்டு விசாரணைத் தேதி இன்னும் வரவில்லை. ஒவ்வொரு மாதமும் வந்து கேட்கிறார். நானும் "இன்னும் இல்லைம்மா" என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.