எழுபதாயிரம் பேர் பார்த்த ஃபவுல் ஏழு நடுவர் கண்ணில் படாதது ஏன்?

2019 ஜனவரி 20. நியூ ஆர்லியன்ஸ் நகரின் சூப்பர்டோம் மைதானம். உள்ளூர் அணியான செயின்ட்ஸும் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸும் 20-20 என்று நிற்கின்றன. ஜெயிக்கிற அணி அமெரிக்கன் ஃபுட்பாலின் சூப்பர் பவுல் இறுதிப் போட்டிக்குப் போகும். ஆட்டம் முடிய இன்னும் 1 நிமிடம் 49 விநாடி. செயின்ட்ஸின் ட்ரூ ப்ரீஸ் ஓரக்கோட்டுப் பக்கம் ஓடும் டாமிலீ லூயிஸை நோக்கிப் பந்தை எறிகிறார். பந்து இன்னும் காற்றில்தான் இருக்கிறது. அதற்குள் ராம்ஸ் வீரர் நிக்கெல் ரோபி-கோல்மன் பாய்ந்து வந்து லூயிஸை இடித்துச் சாய்த்துவிட்டார். வரும் பந்தை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பந்து கைக்கு வருமுன் அதைப் பிடிக்கப்போகிறவரை இடிக்கக் கூடாது. அமெரிக்கன் ஃபுட்பாலில் இதற்கு பாஸ் இன்டர்ஃபியரன்ஸ் என்று பெயர். நடுவர் உடனே மஞ்சள் துணியை உருவி எறிந்திருக்க வேண்டும். எறியவில்லை. செயின்ட்ஸ் பந்தை உதைத்துக் கிடைத்த மூன்று புள்ளியோடு திருப்திப்பட வேண்டியதாயிற்று. ராம்ஸ் மீண்டும் சமன் செய்து, கூடுதல் நேரத்தில் 57 யார்டு தூரத்திலிருந்து ஓர் உதை உதைத்து 26-23 என்று வென்றது. பந்து வருவதற்கு முன்பே இடித்துவிட்டேன் என்று ரோபி-கோல்மனே ஆட்டம் முடிந்த பிறகு ஒப்புக்கொண்டார். தலையோடு தலை மோதியதற்காக, போட்டிகளை நடத்தும் என்எஃப்எல் லீக் அவருக்கு 26,739 டாலர் அபராதமும் போட்டது. ஆனால் முடிவு முடிவுதான். ரசிகர்கள் சிலர் வழக்குப் போட்டார்கள். அது லூசியானா மாநில உச்ச நீதிமன்றம் வரை போய் அங்கே தள்ளுபடியானது. சூப்பர் பவுல் முடிந்த மறுநாள் உள்ளூர் நாளிதழ், அப்படி ஓர் ஆட்டம் நடந்ததா என்ன என்று கேட்டு, முதல் பக்கத்தை ஏறக்குறைய வெற்றிடமாகவே விட்டு அச்சடித்தது.

அந்த ஒரு முடிவுக்கு வக்காலத்து வாங்குவது என் நோக்கமில்லை. அது தப்பு, அவ்வளவுதான். ஆனால் அன்று கிளம்பிய கேள்வி இன்றும் ஒவ்வொரு வாரமும் கிளம்புகிறது: வீட்டு சோபாவில் சாய்ந்திருந்த எனக்குத் தெரிந்தது, பக்கத்திலேயே நின்றவருக்கு எப்படித் தெரியாமல் போகும்? கண் வேலை செய்யும் விதத்தைப் பார்த்தால், பக்கத்தில் நிற்பதுதான் அவருக்குப் பாதகமே.

கையை முன்னால் நீட்டிக் கட்டைவிரலை உயர்த்துங்கள். அந்த நகத்தின் அகலம் இருக்கிறதே, ஒரு நேரத்தில் நம் கண் கூர்மையாகப் பார்ப்பது ஏறக்குறைய அவ்வளவைத்தான். கோணக் கணக்கில் 2 டிகிரி. விழித்திரையின் நடுவில் ஃபோவியா என்ற சின்னக் குழி இருக்கிறது. நுணுக்கமெல்லாம் அதில்தான் பதிகிறது. சுற்றியுள்ள மற்றதெல்லாம் மங்கல். எல்லாமே தெளிவாகத் தெரிவதுபோல நமக்குத் தோன்றக் காரணம், விழி விநாடிக்கு மூன்று தடவை போலத் தாவிக்கொண்டே இருப்பதுதான். கிடைத்த துண்டுகளை மூளை ஒட்டுப்போட்டுக் காட்டுகிறது. அப்படித் தாவும் கணத்தில் வருகிற காட்சியை மூளை அமுக்கியும் விடுகிறது. சந்தேகமிருந்தால் கண்ணாடி முன் நின்று உங்கள் இடது கண்ணைப் பாருங்கள், பிறகு வலது கண்ணைப் பாருங்கள். விழி அசைவது உங்களுக்குத் தெரியவே தெரியாது. பக்கத்தில் நிற்பவருக்குப் பளிச்சென்று தெரியும்.

இப்போது மைதானத்துக்கு வருவோம். 10 மீட்டர் தொலைவில் அந்த 2 டிகிரி என்பது 35 சென்டிமீட்டர். அதாவது ஒரு ஹெல்மெட்டைவிடக் கொஞ்சம் அகலம். எறிந்த பந்து மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது என்று வைத்துக்கொண்டால் விநாடிக்கு 22 மீட்டர். தடுப்பவர் ஐந்தில் ஒரு விநாடி முந்திக்கொண்டு இடித்தார் என்றால், அந்தக் கணத்தில் பந்து ஏறக்குறைய நாலரை மீட்டர் தள்ளி இருக்கிறது. பக்கவாட்டில் 10 மீட்டர் தூரத்தில் நிற்கும் நடுவருக்கு, இடிபட்ட உடம்புக்கும் பந்துக்கும் நடுவே 24 டிகிரி இடைவெளி. பன்னிரண்டு கட்டைவிரல் நகம்! உடம்பைப் பார்த்தால் பந்து மங்கல். பந்தைப் பார்த்தால் உடம்பு மங்கல். எது முதலில் நடந்தது என்பதுதான் கேள்வியே, அந்த இரண்டையும் ஒருசேரப் பார்க்க அவருக்கு வழியில்லை.

சோபா ரசிகரின் கதை வேறு. 50 இன்ச் டிவியை மூன்று மீட்டர் தள்ளி உட்கார்ந்து பார்த்தால் மொத்தத் திரையே 21 டிகிரிக்குள் அடங்கிவிடும். பந்தும் இடியும் ஓரிரு நக அகலத்துக்குள் அவர் கண்ணெதிரே நடக்கின்றன. அப்புறம் ரீப்ளே வேறு, நாலு கோணத்தில். டிவி கேமராக்கள் பெருகப் பெருக, நடுவர்களின் தவறு கூடியதோ இல்லையோ, தவறைப் பார்க்கும் கண்கள் மட்டும் ஆயிரம் மடங்கு கூர்மையாகிவிட்டன.

நடுவர்களுக்கும் இது தெரியாமலில்லை. அதனால்தான் வேலையைப் பிரித்துக்கொள்கிறார்கள். 120 யார்டு நீளம், 53 யார்டு சொச்சம் அகலம், 22 வீரர்கள், 7 நடுவர்கள். பந்து நகர்ந்த முதல் ஓரிரு விநாடி ஒவ்வொருவருக்கும் குறிப்பிட்ட ஆள் உண்டு. அவரை மட்டும் பார்க்க வேண்டும். பிறகு தன் பகுதி. கடைசியில்தான் பந்து. வெள்ளைத் தொப்பி போட்ட ரெஃபரி, பந்து எறிபவரின் பின்னால் நின்று அவரை யார் முறை தவறித் தாக்குகிறார்கள் என்று பார்க்கிறார். ஆக, நல்ல நடுவர் என்பவர் பெரும்பாலான நேரம் பந்தைப் பார்க்காதவர். நாமோ பந்தை மட்டுமே பார்ப்பவர்கள். அம்பயர் என்ற நடுவர் முன்பு தடுப்பாட்டக்காரர்களுக்கு நடுவிலேயே நிற்பார்; அடிக்கடி மோதிக் காயம்பட்டதால் 2010இல் அவரை எதிர்ப் பக்கத்துக்கு மாற்றினார்கள். பாதுகாப்பு கிடைத்தது, ஒரு பார்வைக் கோணம் போயிற்று.

பலருக்கு இது பகுதிநேர வேலை என்பது ரசிகர்களின் நெடுநாள் எரிச்சல். 2018இல் ஓய்வுபெற்ற புகழ்பெற்ற ரெஃபரி எட் ஹோக்குலி தொழிலால் வழக்கறிஞர். பல்லாயிரம் கோடி புரளும் லீக் இதில் சிக்கனம் பிடிப்பது எனக்கும் விளங்கவில்லை. பயிற்சி எவ்வளவு முக்கியம் என்பதை 2012 காட்டியது. சம்பளப் பிரச்சினையில் வழக்கமான நடுவர்களை லீக் வெளியே நிறுத்தி, மாற்று ஆட்களை இறக்கியது. செப்டம்பர் 24 அன்று சியாட்டிலில் கடைசிப் பந்தை இரு அணி வீரர்களும் கட்டிப்பிடித்துக்கொண்டு விழ, பக்கத்திலிருந்த இரண்டு நடுவர்களில் ஒருவர் டச் டவுன், அதாவது பந்து எல்லைக்குள் சேர்ந்து புள்ளி கிடைத்தது என்று இரு கைகளையும் உயர்த்தினார். இன்னொருவர் தலைக்கு மேல் கைகளை வீசிக் கடிகாரத்தை நிறுத்தச் சொன்னார். சியாட்டில் 14-12 என்று கிரீன் பே அணியை வென்றதாக அறிவித்தார்கள். இரண்டே நாளில் லீக் ஒப்பந்தம் போட்டுப் பழைய நடுவர்களைக் கூப்பிட்டுக்கொண்டது.

பயிற்சி தப்பைக் குறைக்கும். ஆனால் பயிற்சியால் தீராத சிக்கல் ஒன்றும் இருக்கிறது. வீட்டுக் காவல் நாயை எடுத்துக்கொள்ளுங்கள். சருகு அசைந்தாலும் குரைக்கிற நாய் இருந்தால் திருடன் வர மாட்டான், தூக்கமும் வராது. நிச்சயமாகத் தெரிந்தால் மட்டும் குரை என்று பழக்கினால் நிம்மதியாகத் தூங்கலாம். என்றாவது ஒரு நாள் திருடன் உள்ளே வந்துவிடுவான். இரண்டு தவறையும் ஒரே நேரத்தில் குறைக்க, நாய்க்கு இன்னும் கூர்மையான காது வேண்டும். காது அதேதான் என்றால் ஒன்றைக் குறைத்தால் மற்றது கூடும். ரேடார் திரையில் தெரியும் புள்ளி விமானமா வெறும் இரைச்சலா என்று தீர்மானிக்க வேண்டியவர்களின் சிக்கலை ஒட்டி வளர்ந்த கணக்கு இது. சிக்னல் கண்டறிதல் கோட்பாடு என்பார்கள்.

நியூ ஆர்லியன்ஸில் நாய் குரைக்கவில்லை. நான்கு ஆண்டு கழித்து, 2023 பிப்ரவரி 12 அன்று நடந்த சூப்பர் பவுலில் குரைத்தது. கன்சாஸ் சிட்டியும் ஃபிலடெல்ஃபியாவும் 35-35. இரண்டு நிமிடத்துக்கும் குறைவாகவே மிச்சம். ஃபிலடெல்ஃபியாவின் ஜேம்ஸ் பிராட்பெரி எதிரணி வீரரின் சட்டையைப் பிடித்து இழுத்தார் என்று மஞ்சள் துணி விழுந்தது. ஆமாம், இழுத்தேன் என்று அவரும் பின்னர் சொன்னார். ஆனாலும் ஊரெல்லாம் ஒரே கூச்சல்: இவ்வளவு பெரிய ஆட்டத்தை இந்தச் சின்ன இழுப்பை வைத்தா தீர்மானிப்பது? கன்சாஸ் 38-35 என்று வென்றது. ஒரு தடவை துணி விழாததற்குக் கோபம், இன்னொரு தடவை விழுந்ததற்குக் கோபம். இரண்டுமே நியாயமான கோபம்தான். இரண்டையும் ஒரே நடுவர் ஒரே கண்ணால் தீர்த்துவைக்க முடியாது.

சரி, சின்னக் கணக்கு ஒன்று. ஓர் ஆட்டத்தில் ஏறக்குறைய 150 தடவை பந்து நகர்கிறது. தடவைக்குப் பத்து இடத்தில் ஃபவுலா இல்லையா என்று முடிவு செய்ய வேண்டியிருக்கிறது என்று வைப்போம். 1,500 முடிவுகள். நூற்றுக்கு 99 சரியாக இருந்தாலும் 15 தப்பு. ஒவ்வொரு அணியின் ரசிகருக்கும் தனக்கு எதிராகப் போன ஏழெட்டு மட்டும் மனதில் நிற்கும்.

நியூ ஆர்லியன்ஸ் ரகளைக்குப் பிறகு, பாஸ் இன்டர்ஃபியரன்ஸையும் வீடியோவில் மறுபரிசீலனை செய்யலாம் என்று 2019 மார்ச்சில் அணி உரிமையாளர்கள் 31-1 என்று வாக்களித்து விதி கொண்டுவந்தார்கள். ஒரே சீசன்தான். பயிற்சியாளர்கள் முறையிட்டபோதெல்லாம், மறுக்க முடியாத தெளிவு இல்லை என்று பெரும்பாலும் பழைய முடிவையே வைத்துக்கொண்டார்கள். எவ்வளவு இடித்தால் இடி என்பதற்கு அளவு கிடையாதே! 2020இல் விதியைச் சத்தமில்லாமல் கைவிட்டார்கள்.

ஸ்லோ மோஷனுக்கும் ஒரு கோளாறு உண்டு. 2016இல் வெளியான ஓர் ஆய்வில், ஃபுட்பால் வீரர் ஒருவர் மற்றவரைத் தாக்கும் காட்சியைச் சிலருக்கு இயல்பு வேகத்திலும் சிலருக்கு மெதுவாகவும் காட்டினார்கள். மெதுவாகப் பார்த்தவர்களுக்கு அது வேண்டுமென்றே செய்ததுபோல அதிகம் தோன்றியது. நிஜத்தில் கண் சிமிட்டும் நேரம். திரையில் அவர் நின்று நிதானமாக யோசித்து இடிப்பதுபோல நீள்கிறது.

எல்லாவற்றையும் கருவியிடம் விட்டுவிடலாமே என்றால், கொஞ்சம் விட்டிருக்கிறார்கள். நான்கு முயற்சிக்குள் 10 யார்டு முன்னேறினால்தான் பந்து அதே அணியிடம் நீடிக்கும். அந்த 10 யார்டை அளக்க, நீண்ட காலமாக இரண்டு கம்பங்களையும் நடுவே ஒரு சங்கிலியையும் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். 2025 சீசனிலிருந்து அந்த வேலை ஹாக்-ஐ கேமராக்களுடையது. கிரிக்கெட்டில் எல்பிடபிள்யூவுக்குப் பந்தின் பாதையைக் காட்டுகிறதே, அதே நிறுவனத்தின் கருவிதான். ஆனால் வேடிக்கை என்னவென்றால், பந்தை எந்த இடத்தில் வைப்பது என்பதை இன்னமும் மனிதர்தான் முடிவு செய்கிறார். குத்துமதிப்பாக வைத்த பந்தைத் துல்லியமாக அளக்கிறோம்.

அந்தக் குத்துமதிப்பு எப்படி நடக்கிறது என்பதை 2025 ஜனவரி 26 அன்று பார்க்க முடிந்தது. கடைசிக் கால் பகுதியின் தொடக்கம், கன்சாஸ் சிட்டிக்கு எதிராக பஃபலோ அணி 22-21 என்று முன்னிலையில். ஒரு யார்டுக்கும் குறைவாகத்தான் தேவை. பஃபலோவின் ஜோஷ் ஆலன் பந்தை வயிற்றோடு அணைத்துக்கொண்டு ஆட்கள் குவியலுக்குள் தலையைக் குனிந்து நுழைகிறார். இரண்டு ஓரங்களிலிருந்தும் இரண்டு நடுவர்கள் ஓடி வந்து ஒரு காலை ஊன்றி நிற்கிறார்கள். அந்தக் கால்தான் அடையாளம். ஒருவரின் கால் கோட்டைத் தாண்டி. மற்றவருடையது கோட்டுக்கு இந்தப் பக்கம். பந்து எட்டவில்லை என்பதே தீர்ப்பாயிற்று. வீடியோவிலும் பந்து கண்ணில் படவில்லை. மேலே அத்தனை உடம்புகள். கன்சாஸ் சிட்டி 32-29 என்று வென்றது.

பந்துக்குள் 2017 முதலே சிப் இருக்கிறது. பந்து எங்கே என்று அது சொல்லும். ஆனால் ஆலனின் முழங்கால் எந்தக் கணத்தில் தரையைத் தொட்டது என்று பந்துக்குத் தெரியாதே. அந்தக் கணத்தில் பந்து இருந்த இடம்தான் கணக்கு.

நடுவரின் கண் பற்றி இவ்வளவு பேசியாயிற்று, ரசிகரின் கண்ணையும் ஒருமுறை சோதித்துவிடலாம். 1951 நவம்பரில் பிரின்ஸ்டன், டார்ட்மத் ஆகிய இரு பல்கலைக்கழக அணிகள் மோதின. முரட்டு ஆட்டம். பிரின்ஸ்டனின் நட்சத்திரம் டிக் காஸ்மையருக்கு மூக்கு உடைந்தது. டார்ட்மத் வீரர் ஒருவருக்குக் கால் முறிந்தது. பிரின்ஸ்டன் 13-0 என்று ஜெயித்தும் சண்டை ஓயவில்லை. ஆல்பர்ட் ஹாஸ்டார்ஃப், ஹாட்லி கான்ட்ரில் என்ற இரு உளவியலாளர்கள் அந்த ஆட்டத்தின் படச்சுருளை இரு கல்லூரி மாணவர்களுக்கும் போட்டுக்காட்டி, கண்ணில் படும் ஃபவுலையெல்லாம் குறித்துக்கொடுக்கச் சொன்னார்கள். டார்ட்மத் அணி சராசரியாக 9.8 ஃபவுல் செய்ததாகப் பிரின்ஸ்டன் மாணவர்கள் எண்ணினார்கள். அதே சுருளில், அதே அணி செய்தவை என்று டார்ட்மத் மாணவர்கள் எண்ணியது 4.3. முடிவுகள் 1954இல் வெளிவந்தன.

அதில் ஒரு சம்பவம் வருகிறது. டார்ட்மத்தின் முன்னாள் மாணவர் ஒருவர், வெளியூரில் இருக்கும் தங்கள் சங்கத்தில் திரையிடுவதற்காக அந்தப் படத்தை வரவழைத்தார். தன் அணி அராஜகம் செய்தது என்று ஊரெல்லாம் பேசுகிறார்களே என்று முன்கூட்டியே போட்டுப் பார்த்தார். எதுவுமே இல்லை. உடனே தந்தி அடித்தார்: முக்கியமான பகுதிகளை யாரோ வெட்டிவிட்டார்கள் போலிருக்கிறது, விடுபட்டதை விமான அஞ்சலில் அனுப்புங்கள், படச்சுருளை ஒட்டும் கருவி எங்களிடமே இருக்கிறது.