சத்தத்த வச்சு திமிங்கிலத்த எண்ணுற கதை

பஹாமாஸ்ல ஆண்ட்ரோஸ் தீவ ஒட்டி ஒரு கடல் பள்ளம் இருக்கு, பேரு டங் ஆஃப் தி ஓஷன், ஆழம் கிட்டத்தட்ட 2 கிலோமீட்டர். அமெரிக்க நேவி அங்க நீர்மூழ்கிக் கப்பல டிராக் பண்ணிப் பழகுறதுக்காக கடல் தரையில வரிசையா ஹைட்ரோஃபோன் போட்டு வச்சிருக்கு, அதாவது தண்ணிக்குள்ள கேக்குற மைக். அதுலயே அலகுத் திமிங்கிலத்தோட (பறவை அலகு மாதிரி நீண்ட வாய் இருக்குற, ஆழத்துல முங்குற திமிங்கிலம்) சத்தமும் கேக்குது.

இதுங்கள படகுல போய் எண்ணுறது நடக்காத காரியம். மேல வந்து சில நிமிஷம் மூச்சு வாங்கும், அப்புறம் முக்கா மணி நேரம் ஆளே காணோம். இதே குடும்பத்துல ஒரு இனமான கூவியர் அலகுத் திமிங்கிலம், கலிஃபோர்னியா பக்கம் 2,992 மீட்டர் வரை இறங்குனது டேக்ல (உடம்புல ஒட்டி விடுற பதிவுக் கருவி) பதிவாகியிருக்கு!

ஆனா மேல இருக்கும்போது வாயே திறக்காத இந்த ஜீவன் (கொலைத் திமிங்கிலத்துக்குக் கேட்டுடும்ங்கற பயம்னு ஒரு ஊகம்), சில நூறு மீட்டர் இறங்கினதும் இரை தேட விடாம கிளிக் கிளிக்னு சத்தம் விடும். கூட்டமா சேர்ந்துதான் முங்கும். அதனால ஒரு நாள்ல எத்தனை கூட்டம் முங்குச்சுன்னு மைக்ல எண்ணி, ஒரு கூட்டம் தினம் எத்தனை தடவ முங்கும்னு டேக் சொல்ற எண்ணால வகுத்து, ஒரு கூட்டத்துல சராசரியா எத்தனைங்கறதால பெருக்கினா மொத்தக் கணக்கு வந்துடும். ஸ்கூல் கணக்குதான், ஆனா வகுக்குற எண் தப்பாச்சுன்னா எல்லாம் போச்சு.

நேவி பயிற்சியில சோனார் (நீர்மூழ்கிய கண்டுபிடிக்க தண்ணிக்குள்ள விடுற பலத்த ஒலி) போட்டா சிக்கல் அங்கதான் வருது, கிளிக் நின்னுடும். ஓடிப்போச்சா, இல்ல அங்கயே வாய மூடிட்டு இருக்கா? மைக்குக்குத் தெரியாது. சாட்டிலைட் டேக் போட்டுப் பாத்தப்ப தான் பல கிலோமீட்டர் விலகிப் போறதும், பயிற்சி முடிஞ்சு ரெண்டு மூணு நாள்ல திரும்பி வர்றதும் தெரிஞ்சுது. எப்பவும் இப்படித் தப்பிக்கிறது இல்ல. 2000 மார்ச்ல அதே பஹாமாஸ்ல 17 கடல் பாலூட்டிங்க கரை ஒதுங்குச்சு, பெரும்பாலும் அலகுத் திமிங்கிலம்தான், சோனார்தான் காரணமா இருக்கணும்னு நேவியே அடுத்த வருஷ அறிக்கையில ஒத்துக்கிச்சு.

திரும்பி வந்துட்டா சரியாப் போச்சான்னா, இல்ல. ஓடுற நாள்ல பட்டினி, அது குட்டிங்க எண்ணிக்கையில காட்டலாம். உடம்புத் தழும்ப போட்டோ எடுத்து ஒவ்வொண்ணையும் அடையாளம் வச்சுப் பாத்ததுல, நேவி பயிற்சித் தளம் இல்லாத, அதே பஹாமாஸோட அபக்கோ தீவுப் பக்கத்த விட இங்க பெண்ணுங்களுக்குக் குட்டி கம்மி. காரணம் சோனாரா, இல்ல இந்தப் பள்ளத்துல இரையே கம்மியா? இரையான கணவாய் (ஸ்க்விட்) கிளிக் பண்ணாதே, அத எண்ண எக்கோசவுண்டரோட (ஒலிய அனுப்பி எதிரொலிய வச்சு அளக்குற கருவி) தனியா ஒரு கப்பல் போகணும்.