வளர்ந்து முடியாத உடலில் வளரும் கரு

கருவுற்ற பதினாறு வயதுப் பெண் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறாளா என்பதைச் சுவரோரம் நிறுத்தி உயரம் அளந்து அறிய முடியாது. வயிற்றின் பாரத்தால் முதுகெலும்பு அழுந்தி வளைந்துவிடுவதால், கால் எலும்பு நீண்டாலும் மொத்த உயரத்தில் அது தெரிவதில்லை. அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்திலுள்ள கேம்டன் நகரில் தெரசா ஷோல் குழுவினர், முழங்காலுக்குக் கீழுள்ள நீளத்தை மட்டும் நுட்பமான கருவியால் அளந்தபோதுதான், பதின்வயதுக் கர்ப்பிணிகளில் கணிசமானோர் பேறுகாலத்திலும் வளர்வது உறுதியாயிற்று. 1994இல் வெளியான அவர்களது ஆய்வில், வளர்ந்துகொண்டிருந்த பெண்களுக்கு மற்றவர்களைவிட எடை அதிகமாகக் கூடியிருந்தது. அவர்களுடைய குழந்தைகளோ ஏறத்தாழ 150 கிராம் எடை குறைந்து பிறந்தன.

வழக்கமாகக் கடைசி மூன்று மாதங்களில் தாயின் உடல் தான் சேர்த்துவைத்த கொழுப்பைக் கரைத்துக் கருவுக்குச் சத்தை விட்டுக்கொடுக்கும். வளரும் பெண்ணின் உடலில் அந்த விட்டுக்கொடுத்தல் சரிவர நடப்பதில்லை. ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகர ஆய்வாளர்கள் இளம் பெண் ஆடுகளைச் சினைப்படுத்தித் தீவனத்தைத் தாராளமாகக் கொடுத்துப் பார்த்தபோது, ஆடு கொழுத்தது, நஞ்சுக்கொடி சிறுத்தது, குட்டி எடை குறைந்து உரிய நாளுக்கு முன்பே பிறந்தது, சீம்பாலும் குறைந்தது. "ரெண்டு உயிருக்குச் சேர்த்துச் சாப்பிடு" என்னும் வீட்டு அறிவுரை எந்த வயதிலும் ஒரேபோலப் பலிப்பதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சோதனை எனக்குத் தெரியாது. உணவைக் குறைத்தால் போதும் என்று இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. வங்கதேசக் கிராமங்களில் போதிய ஊட்டமில்லாத பதின்வயதுப் பெண்களைத் தொடர்ந்து கவனித்தபோது, கருவுறாத தோழியர் உயர்ந்துகொண்டிருக்க, கருவுற்றவர்களின் உயரம் நின்றதோடு அவர்களின் உடலும் மெலிந்தது.

நம் நாட்டில் சத்துக்காகத் தாயின் உடலுக்கும் கருவுக்கும் இடையே நடக்கும் இந்தப் போட்டி தொடங்கும் முன்பே கையிருப்பு குறைவு. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 19 வயது வரையுள்ள பெண்களில் 59 சதவீதத்தினருக்கு ரத்தசோகை இருந்தது. அதே வயதினரில் 6.8 சதவீதத்தினர் ஏற்கெனவே தாயாகியோ கருவுற்றோ இருந்தனர். ரத்தசோகை உள்ளவருக்குப் பிரசவத்தின்போது சற்று அதிகமாக ரத்தம் போனாலும் உடல் தாங்காது.

இடுப்பெலும்பின் கதை வேறு. உயரம் கூடுவது ஏறக்குறைய நின்ற பிறகும் பிறப்புப் பாதை விரிந்துகொண்டே இருக்கும். ஆகவே மிக இளம் வயதில், குறிப்பாகப் பதினைந்துக்குள், குழந்தையின் தலை பாதையில் சிக்கிக்கொள்ளும் ஆபத்து அதிகம். உரிய நேரத்தில் அறுவை சிகிச்சை கிடைக்காவிட்டால், தலை அழுத்தும் இடத்தில் ரத்த ஓட்டம் நின்று திசு அழுகி, சிறுநீர்ப்பைக்கும் பிறப்புறுப்புக்கும் இடையே துளை விழுந்து, அதன்பின் சிறுநீர் ஓயாமல் கசியும்.

கர்ப்பகாலத்தில் ரத்த அழுத்தம் 140/90ஐத் தொடுவதும் சிறுநீரில் புரதம் வெளியேறுவதும், கருப்பையின் ரத்தக்குழாய்கள் நஞ்சுக்கொடிக்காகப் போதிய அளவு விரிந்துகொடுக்காததோடு தொடர்புடையவை. முதல் கர்ப்பத்தில் இது பொதுவாகவே அதிகம். பதின்வயதுத் தாய்மாரில் பெரும்பாலோருக்கு அது முதல் கர்ப்பம். அளவு மீறும்போது வலிப்பு வரும். கை கால் வீக்கத்தையும் தலைவலியையும் "மாசமா இருந்தா அப்படித்தான்" என்று தள்ளிவிடுவது இங்கேதான் உயிருக்கு உலையாகிறது.

உலக சுகாதார நிறுவனம் 29 நாடுகளின் மருத்துவமனைகளில் நடத்திய ஆய்வு, 20-24 வயதினரோடு ஒப்பிடும்போது பதின்வயதுத் தாய்மாருக்கு வலிப்பும் பிரசவத்துக்குப் பிந்தைய கருப்பைத் தொற்றும், அவர்களுடைய குழந்தைகளுக்குக் குறைமாதப் பிறப்பும் 2,500 கிராமுக்குக் குறைந்த எடையும் அதிகம் என்று கண்டது. பிறந்த சில நாட்களில் நேரும் குழந்தை மரணங்களில் காணப்பட்ட வேறுபாடு, கர்ப்பத்தின் எத்தனையாவது வாரத்தில் பிறந்தது என்பதையும் எடையையும் கணக்கில் கொண்டபோது பெரிதும் மறைந்துவிட்டது. அதாவது ஆபத்து பெரும்பாலும் அந்த இரண்டின் வழியாகவே வருகிறது. குறைமாதக் குழந்தையின் நுரையீரலைப் பிரசவத்துக்கு முன்பே பக்குவப்படுத்தும் ஸ்டீராய்டு ஊசி பதின்வயதுத் தாய்மாருக்கே குறைவாகப் போடப்பட்டிருந்ததையும் அதே ஆய்வு பதிவு செய்தது.