குடும்பப்பெயரின் பொருளுக்கு முன்னால் அதன் ஆண்டைத் தேடுங்கள்

ஸ்மித் என்றால் கொல்லர், கூப்பர் என்றால் மரப்பீப்பாய் செய்பவர், ஃப்ளெட்சர் என்றால் அம்பு செய்பவர். இணையத்தில் தேடினால் உடனே கிடைக்கும் இந்தப் பொருள்கள் சரியானவைதாம். ஆனால் அந்தப் பொருளை மட்டும் வைத்து வம்சத்தையும் பூர்வீகத்தையும் முடிவு செய்தால் பெரும்பாலும் தவறிப்போகும். குடும்ப வரலாற்று ஆவணங்களைப் பார்க்கும்போது முதலில் கேட்க வேண்டியது வேறு: இந்தப் பெயர் எங்கே, எந்த ஆண்டில், யார் சொல்லி நிலையானது?

பிலிப்பைன்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே ஸ்பானியக் குடும்பப்பெயர்கள் ஏராளம். அதனால் ஸ்பானிய ரத்தமும் இருக்கும் என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில் 1849 நவம்பர் 21 அன்று அங்கிருந்த ஸ்பானிய ஆளுநர் நார்சிசோ கிளாவெரியா பிறப்பித்த ஆணைதான் காரணம். அதற்கு முன் ஊருக்கு ஊர் ‘தே லா குரூஸ்’, ‘தே லோஸ் சாந்தோஸ்’ என்றே பலர் பெயர் வைத்திருந்ததால் வரிக் கணக்கு எடுக்க முடியவில்லை. ஆகவே அகரவரிசையில் ஒரு பெயர்ப்பட்டியல் அச்சிட்டு, அதன் பக்கங்களை மாகாணங்களுக்குப் பிரித்து அனுப்பினார்கள். ஓர் ஊருக்கு எந்தப் பக்கம் போனதோ அந்த எழுத்தே அங்குள்ள குடும்பங்களுக்கு அமைந்தது. அல்பாய் மாகாணத்தின் ஓவாஸ் ஊரில் ‘ஆர்’ எழுத்துப் பெயர்கள் குவிந்திருப்பது அப்படித்தான். நான்கு தலைமுறையாக ஒரே பெயரை வைத்திருந்தவர்களுக்கு மட்டும் விலக்கு கிடைத்தது. அங்கே பெயரின் முதல் எழுத்து ஊரைக் காட்டக்கூடும், வம்சத்தைக் காட்டாது.

துருக்கியில் குடும்பப்பெயர் சட்டம் 1934 ஜூனில் நிறைவேறியது. பெயரைத் தேர்ந்தெடுக்க இரண்டு ஆண்டு அவகாசம் தந்தார்கள். அந்நாட்டு அதிபர் முஸ்தபா கெமாலுக்கு ‘அத்தாத்துர்க்’ என்ற பெயரை அதே ஆண்டு நவம்பரில் நாடாளுமன்றமே வழங்கியது. ஜப்பானில் 1875இல்தான் குடும்பப்பெயர் எல்லோருக்கும் கட்டாயமானது. இப்படி அண்மையில் நிலைபெற்ற பெயரை வைத்துக்கொண்டு ஐந்நூறு ஆண்டு பின்னோக்கிப் போக வழியில்லை.

தந்தைவழிப் பெயர்களில் சிக்கல் இன்னும் ஆழமானது. டென்மார்க்கில் யென்ஸ் பெடர்சனின் மகன் நீல்ஸ், பழைய வழக்கப்படி நீல்ஸ் யென்சன். ‘யென்ஸின் மகன்’ என்பதே அதன் பொருள். பெயர் தலைமுறைதோறும் மாறும். பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் அது படிப்படியாக உறைந்தது. அதற்கு முந்தைய பதிவேடுகளில் ‘யென்சன்’ என்று தேடுவது வீண். முதற்பெயர், பண்ணையின் பெயர், பிறந்த தேதி மூன்றையும் சேர்த்துத் தேட வேண்டும். ஐஸ்லாந்தில் இன்றும் இதே முறைதான்; அங்கே அச்சிட்ட தொலைபேசிப் பட்டியலே முதற்பெயர் வரிசையில்தான் வந்தது.

வெளிநாட்டுப் பெயரைப் படிவத்தில் நிரப்பும்போது தவறு நேர்வது பெரும்பாலும் இடத்தில். ஸ்பெயினில் வழக்கமாகத் தந்தையின் பெயர் முதலில், தாயின் பெயர் அடுத்து. போர்ச்சுகலில் பெரும்பாலும் தலைகீழ். கடைசிச் சொல்தான் குடும்பப்பெயர் என்று எடுத்துக்கொண்டால் ஸ்பானியருக்குத் தாயின் பெயர் மட்டும் பதிவாகிவிடும். சீனா, கொரியா, ஹங்கேரியில் குடும்பப்பெயர் முன்னால் வரும். மியான்மரில் குடும்பப்பெயர் என்பதே வழக்கத்தில் இல்லை, ஐ.நா. பொதுச்செயலாளராக இருந்த ஊ தாந்தின் பெயர் ‘தாந்த்’ மட்டுமே, ‘ஊ’ மரியாதை அடைமொழி.

கொரியர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் கிம். ஆனால் கிம்ஹே கிம், கியோங்ஜு கிம் என்று பூர்வீக ஊரைச் சேர்த்துச் சொன்னால்தான் குலம் தெரியும். ஒரே பெயரும் ஒரே பூர்வீகமும் உள்ளவர்கள் மணக்கக் கூடாது என்ற சட்டத்தை அங்குள்ள அரசியலமைப்பு நீதிமன்றம் 1997இல் செல்லாதென்றது. பூர்வீக ஊரை விட்டுவிட்டுக் ‘கிம்’ என்று மட்டும் குறித்தால் அந்தப் பதிவால் பயனில்லை.

எழுத்துக்கூட்டல் வேறுபாட்டுக்கு அமெரிக்காவில் 1918இல் காப்புரிமை பெற்ற, ஒலியை வைத்துப் பெயருக்குக் குறியீடு தரும் சவுண்டெக்ஸ் முறை உதவும். முதல் எழுத்தை அப்படியே வைத்து, பிறகு வரும் மெய்யெழுத்துகளை மூன்று இலக்கங்களாக மாற்றும். ஸ்மித், ஸ்மைத், ஷ்மிட் மூன்றுக்கும் ‘எஸ் 530’தான். ஆனால் ‘கே’யில் தொடங்கும் கிராமரும் ‘சி’யில் தொடங்கும் கிராமரும் வெவ்வேறு குறியீட்டில் போய்விடும். ஒலி ஒன்றாக இருந்து முதல் எழுத்து மட்டும் மாறக்கூடிய பெயர்களை இரண்டு தடவை தேடுங்கள்.

அமெரிக்காவில் குடியேற வந்தவர்களைச் சோதித்து அனுமதித்த நியூயார்க்கின் எல்லிஸ் தீவு அதிகாரிகள் பெயரை மாற்றிவிட்டார்கள் என்ற கதை பல குடும்பங்களில் உண்டு. அங்கே எழுத்தர்கள் புதிதாகப் பெயர் எழுதவில்லை. கப்பல் நிறுவனம் புறப்பட்ட துறைமுகத்தில் தயாரித்த பட்டியலைத்தான் சரிபார்த்தார்கள். மாற்றம் பெரும்பாலும் பின்னால், குடியேறியவர்கள் தாங்களே செய்துகொண்டது. ஆகவே குடியுரிமை விண்ணப்பத்தைப் பாருங்கள்.

குடும்பப்பெயருக்கான குலச்சின்னம் என்று விற்பவர்களிடம் பணம் கொடுக்காதீர்கள். இங்கிலாந்து மரபில் சின்னம் ஒரு தனிமனிதருக்கும் அவருடைய வாரிசுகளுக்கும் வழங்கப்பட்டது. அதே பெயர் உள்ள எல்லோருக்கும் அதில் உரிமை கிடையாது.

வம்ச விளக்கப்படம் வரையும்போது ஒவ்வொரு பெயருக்கும் மூல எழுத்துவடிவத்தையும் பதிவேட்டின் ஆண்டையும் பக்கத்திலேயே எழுதுங்கள். ரோமன் எழுத்தில் ‘வாங்’ என்று ஒரேபோல வரும் சீனப் பெயர்களுக்குள் ‘அரசர்’ என்று பொருள்படும் ஒன்றும், பரந்த நீரைக் குறிக்கும் வேறொன்றும் இருக்கின்றன. மூல எழுத்து போய்விட்டால் அவை எந்தக் குடும்பம் என்று பிரிக்க முடியாது.