முதலில் பிளக் பாயிண்ட், பிறகு ஸ்மார்ட் போர்டு

பள்ளிக்கு யாராவது நன்கொடை தருகிறேன் என்றால் ஆசிரியர் அறையில் எழும் முதல் பேச்சு ஸ்மார்ட் போர்டு பற்றியதுதான். தாராவியில் தமிழ்வழிப் பிள்ளைகளுக்கு அறிவியல் நடத்துகிறவள் நான். என் கேள்விகள் வேறு. வகுப்பறையில் பிளக் பாயிண்ட் எங்கே இருக்கிறது? கடைசிப் பெஞ்சுக்குச் சத்தம் எட்டுமா? மத்தியான வெயில் எந்த ஜன்னல் வழியாக விழுகிறது?

கெட்டியான திரைச்சீலை போட்டால் சாதாரண புரொஜெக்டரிலும் படம் பளிச்சென்று தெரியும். அது இல்லாவிட்டால் விலை உயர்ந்த புரொஜெக்டரிலும் படம் வெளிறிப்போகும். மின்விசிறிச் சத்தத்திலும் பக்கத்து வகுப்பின் கூச்சலிலும் மடிக்கணினியின் ஒலி முன்வரிசையைத் தாண்டாது. எனவே முதல் செலவு திரைச்சீலைக்கும் ஸ்பீக்கருக்கும் தரமான எக்ஸ்டென்ஷன் பாக்ஸுக்கும் இருக்கட்டும். மும்பை மழைக்கால ஈரம் வேறு இருக்கிறது. கருவிகளை மாதக்கணக்கில் பூட்டி வைப்பதைவிட அடிக்கடி இயக்குவதே நல்லது.

பாட நேரத்தில் இணையத்தை நம்பாதீர்கள். நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ‘ஃபெட்’ (PhET), கணினித் திரையிலேயே செய்துபார்க்கும் அறிவியல் செய்முறைகள்; இலவசமானவை. தமிழிலும் பல கிடைக்கின்றன. ஒருமுறை இறக்கிக்கொண்டால் இணையம் இல்லாமலே இயங்கும்.

அதில் மின்சுற்றுப் பாடத்தை நான் நடத்தும் விதம் இது. ஒரே மாதிரியான மூன்று பல்புகளைத் தொடராக இணைத்துவிட்டு, சுவிட்சைப் போடுவதற்கு முன் கேட்பேன்: “எது அதிகம் ஒளிரும்?” விடையை நோட்டில் எழுதியாக வேண்டும். மின்சாரம் முதலில் அங்கேதான் போகிறது என்று பலரும் முதல் பல்பையே எழுதுவார்கள். சுவிட்சைப் போட்டதும் மூன்றும் சமமாக ஒளிரும். எலக்ட்ரான் புள்ளிகள் சுற்று முழுவதும் ஒரே வேகத்தில் நகரும். வழியில் மின்னோட்டம் தீர்ந்துபோவதில்லை என்பது அப்போதுதான் மனத்தில் பதிகிறது. எழுத வைக்காமல் படத்தை மட்டும் காட்டினால் பிள்ளைகள் வேடிக்கை பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். அடுத்த வகுப்பில் நிஜ பேட்டரியும் டார்ச் பல்புகளும் அவர்கள் கைக்கு வந்துவிட வேண்டும்.

பிள்ளைக்கு ஒரு டேப்லெட் வாங்க வசதி இல்லையா? ‘பிளிக்கர்ஸ்’ (Plickers) என்ற கைபேசிச் செயலிக்கான விடை அட்டைகளை அச்சிட்டுக்கொள்ளுங்கள். தான் நினைக்கும் விடைக்கேற்ப ஒவ்வொரு பிள்ளையும் அட்டையைத் திருப்பிப் பிடிக்க, ஆசிரியரின் ஒரே கைபேசி எல்லாவற்றையும் படித்துவிடும். அட்டைக்கு அட்டை அதில் அச்சிட்ட குறியீட்டின் வடிவம் வேறு என்பதால் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து விடை காட்டுவது எளிதல்ல. வாய் திறந்து பதில் சொல்லக் கூச்சப்படும் பிள்ளைக்கு எங்கே புரியவில்லை என்பதும் தெரிந்துவிடும்.

இன்னொன்றை வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறேன். இங்கே பல வீடுகளில் ஒரே கைபேசிதான். அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய் இரவில்தான் திரும்பும். வீட்டுப்பாடத்தை நீளமான காணொளியாக அனுப்பாதீர்கள். டேட்டா அதிகம் பிடிக்காத சிறிய குரல்பதிவு போதும். மறுநாள் கேட்காமல் வரும் பிள்ளையை எழுப்பி நிறுத்த வேண்டாம். இடைவேளையில் பள்ளி மடிக்கணினியிலேயே அதைக் கேட்க விடுங்கள்.