அகஸ்டஸ் தலை இருந்தால் அகஸ்டஸ் காசா?

பழங்காசுகளைப் பார்த்து அடையாளம் சொல்வது என் வேலை. இதே கதையோடு இந்த வருடம் வந்த மூன்றாவது ஆள் இவர். பொட்டலத்தைப் பிரித்தார்: வெள்ளிக் காசு, முன்பக்கம் கதிர்முடி (சூரியக் கதிர்போல் முனைகள் நீண்ட கிரீடம்) சூடிய தலை, பின்பக்கம் கழுகு. "ஏசு பிறந்த காலத்து ரோமப் பேரரசர் அகஸ்டஸ் காசு சார். கரூர் ஆற்றில் கிடைத்ததாம்." விலையும் அந்தக் கணக்கில்தான் கொடுத்திருக்கிறார்.

தலையைச் சுற்றி 'டிவோ அகஸ்டோ' என்று இருக்கிறது. 'தெய்வமான அகஸ்டஸுக்கு' என்று பொருள். செத்த பிறகு கிடைக்கும் பட்டம் அது. அகஸ்டஸ் இறந்தது கி.பி. 14. இந்தக் காசை 250 வாக்கில் அடித்தவர் பின்னால் வந்த பேரரசர் டிரேஜன் டெசியஸ். தெய்வமாக்கப்பட்ட பதினொரு பேரரசர்களுக்கு வரிசையாகக் காசு போட்டார். கொடுங்கோலன் என்று பேரெடுத்த கொமோடஸுக்குக்கூட அதில் இடம் இருக்கிறது, தெய்வமாக்கப்பட்டும் பாவம் கிளாடியஸுக்கு இல்லை. கதிர்முடி வைத்த இந்த ரக வெள்ளிக் காசே 215இல் பேரரசர் காரகல்லா காலத்தில்தான் பிறந்தது. நம் ரூபாய் நோட்டில் காந்தி சிரிக்கிறார், அதைக் காந்தியா அச்சடித்தார்? தலை யாருடையது என்பது வேறு, அடித்தது யார் என்பது வேறு. இதை எத்தனை முறைதான் சொல்வது!

கரூர்க் கதைக்கு வருவோம். அமராவதி ஆற்றில் ரோமானியக் காசுகள் கிடைத்தது உண்மை. ஆனால் தமிழகத்தில் கிடைத்த ரோமானிய வெள்ளியில் பெரும்பகுதி அகஸ்டஸ், அவருக்கு அடுத்த டிபேரியஸ் காலத்து டினாரியஸ் என்ற பழைய ரக வெள்ளிக் காசு. டெசியஸ் காசைக் காட்டி 'ஆற்றில் கிடைத்தது' என்றால் சந்தேகப்படுங்கள். உண்மையிலேயே இங்கே மண்ணில் கிடைத்த புதையல் என்றால் ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். 1878ஆம் ஆண்டுச் சட்டம் அது. இரண்டில் எதுவானாலும் வாங்காதீர்கள்.

வாங்கியே தீருவேன் என்பவர்கள் முதலில் விளிம்பை லென்ஸில் பாருங்கள். சுற்றிலும் ஒட்டுக்கோடு தெரிந்தாலோ, பரப்பில் குமிழிக்குழிகள் இருந்தாலோ அது வார்த்த போலி. பழைய ஏல ரசீது கேளுங்கள். தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள். பிவிசி பிளாஸ்டிக் உறையில் போடாதீர்கள், பச்சைப் பிசின் பிடிக்கும்.

அப்புறம், தயவுசெய்து தேய்க்காதீர்கள். பாதிக்கு மேல் செம்பு கலந்த காசு அது, குத்துவிளக்கு இல்லை. வந்தவரின் காசு அசல்தான். கழுகின் இறகுக் கோடுகளைத்தான் காணோம். பல்பொடியாம்.